பரிசலிலிருந்து படகுக்கு: மன்னார் வளைகுடாப் பயணத்தை வீட்டிலேயே திட்டமிடும் முறை

பவானி கூடுதுறையில் பரிசல் ஏறிப் பழகிய நமக்கு, நீர் ஒரே திசையில் ஓடும் என்பதும் இரு கரையும் கண்ணுக்குத் தெரியும் என்பதும் இயல்பானவை. கடலில் இரண்டுமே கிடையாது. ஆகவே கொங்கு நாட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு.

முதலில் அனுமதி. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி வரிசையாக உள்ள 21 தீவுகளும், அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கின்றன. அப்பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா என்பதால், வனத்துறையின் அனுமதியின்றித் தீவுகளில் இறங்கக் கூடாது. பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற படகையும், அந்தக் கடலை அறிந்த ஓட்டுநரையும் அமர்த்திக்கொள்வதே புதியவர்களுக்கு ஏற்றது.

அடுத்தது காலம். உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் முழு வேகத்தில் சுழலும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றால் அங்கே கடலும் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். மாசியும் பங்குனியும் நல்லவை. எனினும் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைப் புறப்படும் நாளன்று பார்க்காமல் படகேற வேண்டாம்.

மூன்றாவதான வரைபடம் படிப்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடத்தில் நீர்ப்பரப்பெங்கும் சிதறிக் கிடக்கும் எண்கள் ஆழத்தைக் குறிக்கின்றன. அவை நீர் மிகவும் வற்றிய நிலையை ஒட்டிய அளவுகள். மன்னார் வளைகுடாவில் கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பாறைத் திட்டின் மேல் செல்லும்போது அரை மீட்டர்கூடப் படகின் அடிப்பாகத்தைக் கிழிக்கப் போதுமானது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும் என்பதால், அந்நாட்களில் ஆழம் குறைந்த வழிகளைத் தவிர்த்து விடுங்கள். துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கமும் பச்சை மிதவை வலப்பக்கமும் இருக்க வேண்டும். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துக் கற்றவர்கள் இங்கே தடுமாறுவார்கள், ஏனெனில் அங்கே இந்த முறை தலைகீழ்.

பிறகு கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் செல்வது ஒரு நாட் வேகம். 12 கடல் மைல் தொலைவை 6 நாட் வேகத்தில் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, எஞ்சியது எதிர்க்காற்றுக்கு.

நங்கூரத்தை மணல் தரையில் மட்டுமே இட வேண்டும். பவளத்தின் மீது போட்டால் இரண்டும் பாழ். ஆழம் 4 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகின் முகப்பு 1 மீட்டர் உயரம் என்றால், கூட்டுத்தொகையின் ஐந்து மடங்காக 25 மீட்டர் கயிறு விடுங்கள். கயிறு குறைந்தால் நங்கூரம் மண்ணைக் கவ்வாமல் இழுபடும்.

உயிர்காப்பு மேலங்கி ஆளுக்கொன்று. அதைக் கரையிலேயே அணிந்துவிட வேண்டும். படகுகள் பேசிக்கொள்ளப் பயன்படும் விஎச்எஃப் வானொலியில் அவசர அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை. இறுதியாக, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுங்கள். குறித்த நேரம் கடந்தும் தொடர்பு கிடைக்காவிட்டால், அவர் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்க வேண்டும்.