சேர்த்து வைப்பதும் செய்து பார்ப்பதும்: புதிதாக டிசைன் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராஃபிக் டிசைன் கற்க ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் தங்கள் வேலையைக் காட்ட வரும்போது, அவர்கள் ஃபோனில் சேர்த்து வைத்திருக்கும் படங்களைத்தான் நான் முதலில் காட்டச் சொல்வேன். பின்டரெஸ்டில் ஓர் ஆயிரம் இருக்கும். இன்ஸ்டாகிராமில் சில நூறு, கேலரியில் ஸ்கிரீன்ஷாட்டாக இன்னும் கொஞ்சம். எல்லாம் நல்ல ரசனையோடு எடுத்தவை. “சரி, இதில் ஒன்றைக் காட்டு. இது உனக்கு ஏன் பிடித்தது?” என்று கேட்டால், “பார்க்க நல்லா இருந்துச்சுண்ணா” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

ரசனைக்கும் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. பார்ப்பது ஒரு வேலையாகவும் செய்வது இன்னொரு வேலையாகவும் பிரிந்து கிடக்கின்றன, அவ்வளவுதான். இரவில் மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். காலையில் வெற்றுத் திரையைத் திறந்தால் கை ஓடுவதில்லை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

அளக்காமல் ரசிப்பது

பிடித்த போஸ்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரு வெற்று லேயர் போட்டு, எழுத்தும் படமும் உள்ள இடங்களை வெறும் கட்டங்களாக வரையுங்கள். ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்? எத்தனை அளவுகளில் எழுத்து வருகிறது? தலைப்பு, அடியில் உள்ள சிறு எழுத்தைப்போல் எத்தனை மடங்கு? எத்தனை நிறம், ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பில்? எண்ணி, நோட்டில் எழுதுங்கள். அரை மணி நேரம் ஆகும். எழுத்தின் அளவுகள் இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடுவதையும், நீங்கள் கவனிக்கவே கவனிக்காத காலி இடம் பாதிப் பக்கத்தைப் பிடித்திருப்பதையும் அடிக்கடி காண்பீர்கள்.

அப்புறம் அதே கட்டங்களுக்குள் உங்கள் ஊர் விஷயம் ஒன்றைத் தமிழில் பொருத்துங்கள். பொருந்தாது. ஆங்கிலத்தில் நான்கு கேபிடல் எழுத்துகள் தடியாக நின்ற இடத்தில் ‘புத்தகக் கண்காட்சி’ வந்து உட்கார வேண்டும். தமிழில் கேபிடல் எழுத்து கிடையாது. சொல் நீளம். மேலே கொக்கி, கீழே சுழி என்று வரி இரு பக்கமும் இடம் கேட்கும். இதைச் சரிசெய்ய நீங்கள் சொல்லை இரண்டு வரியாக உடைப்பீர்கள், படத்தைச் சுருக்குவீர்கள், தடிமனை மாற்றுவீர்கள். அந்த முடிவுகளெல்லாம் உங்களுடையவை. இப்படிப் பத்துப் போஸ்டர்களை அறுத்துப் பார்த்தவர், ஆயிரம் படம் சேர்த்தவரைவிட வெகுதூரம் போய்விடுவார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பார்த்துச் செய்தது பயிற்சி நோட்டில் இருக்கட்டும். அதை உங்கள் சொந்த வேலை என்று போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்கும்போது காட்டும் தொகுப்பில், வைப்பது திருட்டு. மூலத்தை வரைந்தவர் எங்கோ இருக்கிறார், அவரும் இதை வைத்துத்தான் சாப்பிடுகிறார்.

ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பது

எல்லோரும் ஒரே செயலியில் பார்த்தால் எல்லோருடைய வேலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீங்கள் ஒன்றைச் சேமித்தால் அதுபோலவே இன்னும் பத்தைக் காட்டும்படிதான் அந்தச் செயலிகளைக் கட்டியிருக்கிறார்கள். டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பெஹான்ஸ் தளத்தில் இன்று பார்த்த வண்ணக்கலவை அடுத்த மாதம் நம் தெரு டியூஷன் சென்டர் பேனரில் வருகிறது.

நிறம் கற்க ஒரு பட்டுப்புடவைக் கடைக்குப் போங்கள். காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிரான நிறம், இரண்டையும் கோர்வை முறையில் இணைத்து நெய்கிறார்கள். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, கிளிப்பச்சைக்குக் குங்குமச் சிவப்பு. திரையில் அதே இரண்டு நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் கண்ணைக் குத்துகிறதே, புடவையில் ஏன் குத்தவில்லை? பரப்பைக் கவனியுங்கள். உடல் முக்கால்வாசிக்கு மேல் இடம் பிடிக்கிறது. கரை கொஞ்சம். ஜரிகை மிகக் கொஞ்சம். புதிதாக வருகிறவர்கள் செய்யும் நிறப் பிழைகளில் நான் அதிகம் பார்ப்பது, மூன்று நிறம் எடுத்து மூன்றுக்கும் சமபங்கு கொடுத்துவிடுவது. ‘மயில்கழுத்து’ என்ற நிறமே பாவில் (நீள இழையில்) ஒரு நிறமும் ஊடையில் (குறுக்கு இழையில்) இன்னொரு நிறமும் ஓடி, வெளிச்சம் படும் பக்கத்துக்கு ஏற்ப மாறித் தெரிவது. கலர் வீல் பாடம் படித்தபோது எனக்கு ஏறாதது, ஒரு நெசவுக்காரர் துணியைச் சாய்த்துக் காட்டியபோது ஏறியது.

புள்ளிக் கோலம் போடுகிற அம்மாவுக்கு கிரிட் (கட்ட அமைப்பு) என்ற சொல் தெரியாது. ஆனால் 15 புள்ளியில் தொடங்கி 8 வரை ஊடுபுள்ளி வைத்து, நடுவிலிருந்து விரித்துக்கொண்டு போகிறார். தீப்பெட்டி லேபிளை எடுத்துப் பாருங்கள். இரண்டு அங்குலம் இருக்கும் இடத்தில் ஒரு படம், ஒரு பெயர், சட்டப்படி போட வேண்டிய விவரங்கள், எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. சின்ன இடத்தில் எதை முன்னால் நிறுத்துவது என்று கற்க அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு ஓவியர் சி. கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி வீட்டுக்கு வீடு போயின. ஓவியர் ஆதிமூலம் இதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் கையால் எழுதிய தமிழ் எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். எழுத்தே ஓவியமாக நிற்கும், ஆனாலும் படிக்க முடியும். சென்னைக்கு வருபவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒருநாள் ஒதுக்கலாம். பழைய தமிழ் அச்சுலகம் அங்கே பத்திரமாக இருக்கிறது.

போனால் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். உட்கார்ந்து பென்சிலால் வரையுங்கள். கை போகிற வழியில்தான் கண் கவனிக்கிறது.

தமிழ் எழுத்தைக் கடைசியில் நினைப்பது

நம் பிள்ளைகள் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். படம், பின்னணி, நிழல் எல்லாம் முடிந்தபிறகு கடைசி ஐந்து நிமிடத்தில் ஏதோ ஒரு ஃபான்டில் தமிழை ஒட்டிவிடுகிறார்கள்.

முதலில் தொழில்நுட்பச் சிக்கல். போட்டோஷாப்பில் தமிழை ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கிறது, நடுவில் புள்ளிபோட்ட வட்டம் வருகிறது என்று பலர் சொல்வதுண்டு. பழைய பதிப்பு என்றால், ப்ரிஃபரன்ஸஸில் டைப் என்ற பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டுக்கு மாற்றிவிட்டு, செயலியை மூடித் திறந்து புது ஃபைலில் தட்டிப் பாருங்கள். இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாமினி போன்ற பழைய குறியேற்ற ஃபான்டுகளை டிடிபி சென்டர்களில் இன்னும் பயன்படுத்துகிறார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் நீங்கள் அடித்த தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். புதிதாகத் தொடங்குபவர்கள், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தொடங்குங்கள். முக்தா மலர், அனேக் தமிழ், கேடமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே, வணிக வேலைக்கும் பயன்படுத்தும் உரிமத்தோடு கிடைக்கின்றன. எங்கிருந்தோ இறக்கிய, உரிமம் தெரியாத ஃபான்டில் ஒருவருடைய லோகோவைச் செய்து கொடுக்காதீர்கள்.

அடுத்தது கண்ணுக்கான சிக்கல். ஆங்கிலத் தலைப்பில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்தால் அழகாக இருக்கும். தமிழில் அதே டிராக்கிங்கை இழுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் என்று சிதறும் வாய்ப்பு அதிகம். வரி இடைவெளிக்கு ஆங்கிலத்தில் எழுத்தளவில் 120 சதவீதம் போதும் என்பார்கள். தமிழில் நான் 140க்குக் குறைத்து வைப்பதில்லை, இல்லையென்றால் மேல் வரியின் ‘பூ’ கீழ் வரியின் ‘கீ’யோடு மோதும். இடம் பத்தவில்லை என்று ஓரத்தைப் பிடித்து எழுத்தை நசுக்குவது வேண்டவே வேண்டாம். நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் அப்படியே தடியாக நிற்கும். எழுதிய கைக்கு அப்படி ஒரு கோணம் வரவே வராது. குறுகலான எழுத்து வேண்டுமென்றால் அதற்கென்றே வரைந்த குறுகல் ஃபான்டைத் தேடுங்கள். அனேக் தமிழில் அகலம் பல அளவுகளில் இருக்கிறது.

எழுத்தை ஆழமாகப் படிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம்மிடமே இருக்கிறது. 2010இல் அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்துருக்களின் தொடக்க கால வரலாற்றை ஆராய்ந்தவர். தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் இரண்டு மூன்று கோடுகளுக்குள் ஒன்றாக்குவதற்கு, எழுத்துகளை வருடக்கணக்கில் உற்றுப் பார்த்த கண் வேண்டும்.

திரையோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

நான் செய்த முதல் கல்யாணப் பத்திரிகையை இன்றும் வைத்திருக்கிறேன். திரையில் கறுப்பு எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. அச்சாகி வந்தபோது பெயர்களுக்குப் பின்னால் லேசாகச் சிவப்பும் நீலமும் நிழல்போல் ஓடின. திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில் செய்த ஃபைலை அச்சுக்கு அப்படியே மாற்றியதால் கறுப்பு நான்கு மைகளும் கலந்த கறுப்பாகிவிட்டது. மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டும் முடியளவு பிசகினாலும் சின்ன எழுத்து மங்கிவிடும். பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, உறையைத் திறந்து திறந்து பார்த்தார். மறுபடி அடிக்க நாள் இல்லை. சிறிய எழுத்துக்குக் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்பதை அன்றைக்குப் பிறகு நான் மறந்ததில்லை.

அச்சுக்குப் போகும் வேலையை முதலிலிருந்தே அச்சின் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே முறையில் தொடங்குங்கள். பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் நிறப்பரப்பு, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் விடுங்கள், இல்லையென்றால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு விழும். படம் அச்சாகும் அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும். பெரிய ஃபிளெக்ஸ் பேனரைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் அதில் குறைவாக இருந்தாலும் போதும். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்தைக் கர்வ் செய்து, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக்கி, ஒரு ஃபைல், திருத்துவதற்கு ஒரு ஃபைல் என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும்விட, பக்கத்தில் இருக்கும் அச்சகத்தில் அனுமதி கேட்டு ஒரு நாள் முழுக்க மெஷின் அருகில் நில்லுங்கள். ஒரே பச்சை நிறம் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் எப்படி இருக்கிறது, சாதா காகிதத்தில் மை உறிஞ்சிப்போய் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும். மெஷின்மேன்கள் அன்பாகச் சொல்லித்தருவார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இன்னும் சில

மென்பொருளைக் கற்றால் டிசைன் வந்துவிடும் என்று மூன்று மூன்று கோர்ஸ் சேர்வது வீண் செலவு. ஒரு மென்பொருள் போதும். கேன்வா டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றுவதில் தவறில்லை, ஆனால் அதோடு நின்றால் கை வளராது.

பெரிய நிறுவனங்களின் லோகோவை மாற்றிச் செய்து பழகுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே உங்களுக்கு வாடிக்கையாளரும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை, தப்பென்று சொல்ல ஆளும் இல்லை. அதற்குப் பதில் தெருமுனை இட்லிக் கடைக்கு ஒரு விலைப்பட்டியல் செய்து கொடுங்கள். காசு வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஆனால் ஒட்டி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் வீட்டில் யாரிடமாவது மூன்று விநாடி காட்டி மறைத்துவிட்டு, “முதலில் எதைப் படித்தீங்க?” என்று கேளுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

ஒட்டியபிறகு காலை ஏழரை மணிக்குக் கடையில் போய் ஓரமாக நில்லுங்கள். பட்டியலைப் பார்த்துக்கொண்டே ஒருவர், “ரவா தோசை எவ்வளவுங்க?” என்று கடைக்காரரிடம் கேட்பார். விலை வலது ஓரத்தில்தான் இருக்கிறது, ஆனால் பெயருக்கும் விலைக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அவர் கண் தாண்டவில்லை. டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து, விலையைப் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மறுநாள் காலையில் புதிய தாளை ஒட்டிவிட்டு அதே இடத்தில் நில்லுங்கள்.