மலையகக் கல்லூரிகளின் பழைய போட்டி வரலாற்றை எழுதுவது எப்படி?

நூற்றாண்டு மலருக்காகத் தம் கல்லூரியின் பெரும் போட்டி (இரு கல்லூரிகள் ஆண்டுதோறும் மோதும் பாரம்பரியப் போட்டி) பற்றி எழுத முன்வரும் மாணவர்கள், பெரும்பாலும் மைதானச் சுவரில் தீட்டப்பட்டிருக்கும் தொடக்க ஆண்டை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். அந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு விளையாட்டு பாடசாலைக்குள் வந்த ஆண்டும், ஆசிரியர்களும் சேர்ந்து ஆடிய முதல் போட்டியின் ஆண்டும், மாணவர்கள் மட்டுமே ஆடிய முதல் போட்டியின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கொழும்பில் றோயல், சென் தோமஸ் கல்லூரிகளுக்கிடையே 1879 இல் நடந்த ஆட்டத்தில் ஆசிரியர்களும் களமிறங்கினர்; மாணவர்கள் மட்டும் மோதியது 1880 இல்தான். கண்டியில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: 1891 இல் எல். ஈ. பிளேஸ் தொடங்கிய கிங்ஸ்வூட் கல்லூரியில் அக்காலத்திலேயே றக்பி அறிமுகமாகிவிட்டது, ஆனால் திரித்துவக் கல்லூரியுடனான முதல் பாடசாலைப் போட்டி 1906 ஆகஸ்ட் 11 அன்றுதான் போகம்பரையில் நடந்து 6–6 எனச் சமநிலையில் முடிந்தது.

அடுத்து, அக்காலப் பெயர்களைக் குறித்துக்கொண்ட பிறகே கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குச் செல்லுங்கள். 1881 வரை றோயல் கல்லூரிக்குக் கொழும்பு அகடமி என்றே பெயர். கிங்ஸ்வூட்டும் தொடக்கத்தில் ஆண்கள் உயர்தரப் பாடசாலையாகவே இருந்தது. ஆகவே 1893 இல் கண்டியிலுள்ள தர்மராஜா கல்லூரிக்கும் கிங்ஸ்வூட்டுக்கும் இடையே தொடங்கிய கிறிக்கெட் போட்டியைத் தேடுபவர், பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் இன்றைய பெயரை மட்டும் தேடினால் வெறுங்கையுடன் திரும்ப நேரலாம். பத்திரிகைச் செய்தி கிடைத்தால், அதைக் கல்லூரிச் சஞ்சிகையின் குறிப்போடு ஒப்பிட்டு, இரண்டும் முரண்படும் இடத்தில் இரண்டையும் எழுதுங்கள்.

ஓட்டப் பதிவேட்டை இன்றைய விதிகளைக் கொண்டு வாசிக்கக் கூடாது என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன், ஏனெனில் நல்ல ஆய்வுகளும் இங்கேதான் சறுக்குகின்றன. கிறிக்கெட் விதிகளை வகுக்கும் இங்கிலாந்துக் கழகமான எம்.சி.சி.யின் விதிகளின்படி 1889 வரை ஓர் ஓவருக்கு நான்கு பந்துகள், அதன்பின் 1900 வரை ஐந்து பந்துகள், அதற்குப் பின்னரே ஆறு பந்துகள் வீசப்பட்டன. ஆகவே 1880களின் ஒரு பந்துவீச்சாளர் 30 ஓவர்கள் வீசினார் என்றால், அவர் வீசியவை 120 பந்துகளே. 1889 க்கு முன் ஓர் அணி எல்லா விக்கெட்டுகளும் விழுமுன் தன் இனிங்ஸைத் தானாக முடித்துக்கொள்ள (டிக்ளேர் செய்ய) விதி இடமளிக்கவில்லை. 1900 வரை, முதல் இனிங்ஸில் குறித்த ஓட்டங்களுக்குமேல் பின்தங்கிய அணி உடனே மீண்டும் துடுப்பெடுத்தாடியே ஆக வேண்டும். அதை எதிரணித் தலைவரின் தந்திரமாக வருணிப்பது பிழை.

முடிவு குறித்துச் சர்ச்சை இருந்தால் தீர்ப்பு வழங்க முற்படாதீர்கள். 1885 இல் சென் தோமஸுக்கு எதிராக றோயல் 9 ஓட்டங்களுக்குள் சுருண்ட ஆட்டம் முழுமையாக நடைபெறவில்லை. சென் தோமஸ் தரப்பு அதை வெற்றியாகவும் றோயல் தரப்பு சமநிலையாகவும் இன்றுவரை எண்ணுகின்றன. இரு கணக்குகளையும் அருகருகே தருவதே நேர்மை.

பயணக் கதைகளைப் புகையிரதப் பாதையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பாதை கண்டிக்கு 1867 இலும், நானுஓயாவுக்கு 1885 இலும், பண்டாரவளைக்கு 1894 இலும், பதுளைக்கு 1924 இலும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதுளையிலிருந்து ரயிலேறி ஓர் அணி வந்தது என்று யாராவது சொன்னால், அந்த வரியை நீக்கிவிடலாம்.

தோட்டப் பாடசாலையில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம், இந்த வரலாற்றை எழுதும்போது யார் மைதானத்துக்கு வெளியே நின்றார்கள் என்பதையும் ஒரு பத்தியிலாவது பதிவுசெய்ய வேண்டும். தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்து கொடுப்பதைத் தோட்டத்துரைமாரின் கடமையாக்கிய சட்டம் 1907 இல்தான் வந்தது. கண்டியில் 1893 இல் மட்டையும் பந்தும் மோதிக்கொண்டிருந்தபோது, லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் வாழ்ந்த) பிள்ளைகளுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்புக்கூட இருக்கவில்லை. உங்கள் கல்லூரியின் பழைய அணிப் பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்றைக் கண்டால், அவரைத் தோட்டத்துப் பிள்ளை என்று உடனே முடிவுகட்டாமல், சேர்வுப் பதிவேட்டில் தந்தையின் தொழிலையும் முகவரியையும் பார்த்த பின்னரே எழுதுங்கள்.