பயோசாரை ஊறவைத்த பிறகே மண்ணில் போடுங்கள்: அழகுச்செடிகளுக்கான மண்கலவை

பயோசார் உரம் அல்ல. காற்று அதிகம் படாமல் மரக்கழிவைச் சுட்டெடுத்த கரி அது; உள்ளே முழுக்க நுண்துளைகள். நீரையும் சத்தையும் பிடித்துவைப்பதே அதன் வேலை. துளைகள் காலியாக இருக்கும்போதே மண்ணில் கலந்தால், செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) கரி இழுத்துக்கொள்ளும். "பயோசார் போட்டேன், செடி மஞ்சளாகிவிட்டது" என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

1. உடைத்தல்
கரியை முதலில் நனையுங்கள். உலர்ந்த கரித்தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசமும் தேவை. பிறகு சாக்கில் கட்டி, 2 முதல் 5 மி.மீ. அளவுக்கு நொறுக்குங்கள். மாவாக்கிவிட்டால் தொட்டியின் வடிகால் அடைபடும். இறைச்சி சுடும் அச்சுக்கரி வேண்டாம், அதில் ஒட்டுப்பொருள்கள் சேர்ந்திருக்கும்.

2. ஊறவைத்தல்
இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். ஒரு வாளி கரிக்கு ஒரு வாளி நன்கு மக்கிய கம்போஸ்ட். கலந்து தண்ணீர் தெளியுங்கள்: கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. நிழலில் குவித்து ஈரச்சாக்கால் மூடி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, 2 முதல் 4 வாரம் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கால் மூடினால் அழுகி நாறும். குவியல் சூடேறி அமோனியா நெடி வீசினால் கம்போஸ்ட் இன்னும் மக்கவில்லை, அடங்கும்வரை பொறுங்கள்.

3. கலத்தல்
தொட்டிக்கு 8 பங்கு மண்கலவை, 2 பங்கு ஊறிய கலவை. அதாவது கரி மட்டும் 10 சதவீதம்; தொடக்கத்தில் இதைத் தாண்ட வேண்டாம். பாத்தியில் ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 10 லிட்டர் ஊறிய கலவையை மேல் 15 செ.மீ. மண்ணோடு கலக்கவும். வேரூன்றிய செடியைச் சுற்றிக் கொத்தாமல் மேலே பரப்பி, காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மூடாக்கு போட்டால் போதும். பலன் மணற்பாங்கான மண்ணில்தான் சட்டெனத் தெரியும்.

மஞ்சளானால்
கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் குறை. மேலே கம்போஸ்ட் இடுங்கள். தளிர் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இருந்தால் மண் காரமாகி இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். பயோசார் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அமில மண் கேட்கும் அசேலியா, கேமெல்லியா, கார்டீனியாவுக்கு இது வேண்டாம். கம்போஸ்ட் மட்டும் போதும்.

கரி மண்ணில் எளிதில் மக்காது. எனவே அடுத்தடுத்த பருவங்களில் கம்போஸ்டை மட்டும் சேர்த்துவந்தால் போதும்.