ரேட் கேட்டால் பதிலே வரவில்லையா? திருப்பூரில் முதல்முறை துணி வாங்குபவருக்கு

திருப்பூரில் ஒரு துணிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்க அம்மிணி, காலைல இருந்து வந்ததுங்க." வரிசையாக ‘ஹாய்’, ‘டிஷர்ட் துணி ரேட் ப்ளீஸ்’, ‘பெஸ்ட் பிரைஸ் அனுப்பவும்’. எதற்கும் பதில் போகவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனார். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில் என் நம்பரும் வந்து போனது. ‘ஹலோ சார், காட்டன் துணி விலை என்ன?’ அதை அனுப்பியவள்தான் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

புதுக் கம்பெனி என்பதால் மதிக்கவில்லை என்று அந்த மூன்று வாரமும் புலம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் என் கேள்விக்கு அவரிடம் பதிலே கிடையாது. என்ன நூல், என்ன கனம், என்ன கலர், எத்தனை கிலோ என்று அவர் என்னிடம் நாலு கேள்வி கேட்டால்தான் ஒரு விலை சொல்ல முடியும். எதிரே ரொக்கத்தோடு ஆள் நிற்கும்போது யார் அதைச் செய்வார்கள்?

சொந்தமாக டிஷர்ட் தைத்து விற்க நினைத்து, துணிக்காக முதல்முறை திருப்பூருக்கு மெசேஜ் அனுப்பப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மசாலா பாக்கெட்டுக்குக் கவர், எண்ணெய்க்கு பாட்டில் என்று தேடுபவர்களுக்கு எண்கள் மாறும், வழி இதேதான்.

படி 1: பீஸ் கணக்கைக் கிலோவாக்குங்கள்

நமக்கு 300 டிஷர்ட். துணிக்காரருக்கு அது கிலோ. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) துணியில் பெரியவர்களுக்கான அரைக்கை டிஷர்ட் தைத்தால், வெட்டு கழிவோடு சேர்த்து கிலோவுக்கு ஏறக்குறைய நாலு பீஸ் வரும். சைஸ் பெரிதானால் குறையும், சிறுவர் சைஸ் என்றால் நன்றாகவே கூடும். ஆக 300 பீஸுக்கு 75 கிலோ. கழுத்துப் பட்டிக்கு ரிப் எனும் இழுபடும் துணி தனி, மூன்று நாலு கிலோ.

இப்போது இந்த 75 கிலோவை ஐந்து கலராகப் பிரித்துப் பாருங்கள். கலருக்கு 15 கிலோ. என் முதல் திட்டம் இதுதான். பதில் வராததற்குப் பாதிக் காரணமும் இதுதான்.

படி 2: உங்கள் அளவுக்குப் பொருந்தும் ஆளைப் பிடியுங்கள்

இணையத்தில் தேடினால் மில், நிட்டிங் கம்பெனி, சாயப்பட்டறை, துணி வியாபாரி எல்லாம் ஒரே பட்டியலில் வரும். எல்லோருமே ‘மேனுஃபேக்சரர்’ என்றுதான் போட்டிருப்பார்கள். ஆனால் நூல் மில்லில் இருந்து நிட்டிங்குக்கு (துணியாகப் பின்னும் வேலை) போய், அங்கிருந்து சாயத்துக்குப் போய், காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி துணியை அழுத்தும் வேலை) முடிந்த பிறகுதான் அது நாம் வெட்டும் துணி ஆகிறது. ஒவ்வொரு இடத்திலும் குறைந்தபட்ச அளவு வேறு.

சாயப்பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினின் கொள்ளளவுக்குத் தக்கபடிதான் லாட் (ஒரே தடவையில் சாயம் போடும் துணி) போடுவார்கள். 15 கிலோவுக்காகப் பெரிய மெஷினை ஓட்டினாலும் நீராவி, ஆள், நேரம் எல்லாம் செலவுதான். அதோடு தண்ணீர்ச் செலவு. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற விதியைக் காப்பாற்றினால்தான் ஓட்ட முடியும் என்று ஆனது. சுத்திகரிப்புக்குப் போகும் அந்தப் பணமும் ஒவ்வொரு லாட்டின் தலையில்தான் விழுகிறது. இதை அறிந்த பிறகு, 15 கிலோவுக்குப் பதில் சொல்லாத சாயப்பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது.

நூறு கிலோவுக்குள் தேவை என்றால் நீங்கள் தேட வேண்டியது ரெடி ஸ்டாக் வைத்திருக்கும் துணி வியாபாரியை. சாயம் போட்டு முடித்த ரோல்களை அடுக்கி வைத்து, கிலோ கணக்கில் விற்பார். மில் விலையைவிடக் கூடத்தான் இருக்கும், கொடுக்கலாம். அவரிடம் இருக்கும் கலரில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மனதில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட மயில்கழுத்துப் பச்சை இரண்டாவது வருடம் வரட்டும்.

படி 3: அவர்கள் மொழியில் துணியைச் சொல்லுங்கள்

‘நல்ல சாஃப்டான காட்டன்’ என்பது யாருக்கும் புரியாது. இவ்வளவு போதும்:

நூல் எண்ணிக்கை: 30ஸ், 24ஸ் என்று சொல்வார்கள். எண் கூடினால் நூல் மெல்லிசு. 24ஸ் நூலில் சிங்கிள் ஜெர்சி (வழக்கமான டிஷர்ட் துணி) சுமாராக 180 ஜிஎஸ்எம் வரும், 30ஸ் என்றால் 150 பக்கம்.

கோம்டா, கார்டடா: கோம்டு நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்திருப்பார்கள், வழவழப்பு கூட, விலையும் கூட.

பயோ வாஷ் வேண்டுமா: துணி மேலிருக்கும் பஞ்சு மயிரை நொதி கொண்டு நீக்கும் வேலை.

ட்யூபா, ஓபன் வித்தா: துணி குழாய் போல வருமா, விரித்து வருமா என்பது. இது உங்கள் கட்டிங் மாஸ்டர் சொல்ல வேண்டியது, அவரைக் கேளுங்கள்.

இதெல்லாம் தெரியாது, கையில் பிடித்த டிஷர்ட் ஒன்று மட்டும் இருக்கிறது என்றால்? அதில் தையலில்லாத இடத்தில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாகத் துல்லியமாக வெட்டி, நகைக்கடையிலோ பாயின்ட் தராசு உள்ள வேறெங்கோ நிறுத்துப் பாருங்கள். 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். கிராமை நூறால் பெருக்குவதுதான், அவ்வளவே. துணிக்கடைகளில் இதற்கென்று வட்டமாக வெட்டும் கட்டர் வைத்திருப்பார்கள், கணக்கு அதேதான். டிஷர்ட் ஒன்று பாழாகும், பரவாயில்லை.

படி 4: மெசேஜ்

நான் இப்போது அனுப்பும் மெசேஜை அப்படியே தருகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘வணக்கம் சார். மதுரையில் இருந்து பேசுகிறோம். டிஷர்ட் தைத்து விற்கும் சிறிய கம்பெனி, ஜிஎஸ்டி இருக்கிறது.
24ஸ் கோம்டு சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம், பயோ வாஷ், ஓபன் வித் வேண்டும்.
கருப்பு 30 கிலோ, நேவி 25 கிலோ, வெள்ளை 20 கிலோ. மூன்றுக்கும் மேட்ச் ரிப், மொத்தம் 4 கிலோ.
ரெடி ஸ்டாக் போதும், புதிதாகச் சாயம் போட வேண்டாம்.
15ஆம் தேதிக்குள் எடுக்க வேண்டும். லோடு ஏற்றும் முன் முழுப் பணமும் அனுப்பிவிடுவோம்.
எந்தக் கலர் இருக்கிறது, கிலோ என்ன ரேட் என்று மட்டும் சொல்லுங்கள் சார்.’

கடைசி வரியைக் கவனியுங்கள். ரோல் அடுக்கைத் திரும்பிப் பார்த்து, நின்ற இடத்திலேயே முப்பது நொடியில் பதில் போட்டுவிடலாம். ‘உங்கள் முழு கேட்டலாக் அனுப்பவும்’ என்று எழுதியிருந்தால் அதைத் தேடும் வேலை அவருக்கு. அது ராத்திரிக்குத் தள்ளிப்போகும், ராத்திரி மறந்துபோகும்.

பணம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். முதல் பில்லுக்குக் கடன் கேட்பவர் என்றுதான் எல்லாப் புதுப் பார்ட்டியையும் நினைப்பார்கள். கேட்கும் முன்பே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ‘இப்போது சாம்பிளுக்கு 5 கிலோ, அடுத்து மாதம் 2 டன்’ என்று அளக்கவும் வேண்டாம். அந்த இரண்டு டன்னை அவர்கள் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் மெயில் சரி. துணிக்கடைக்கு வாட்ஸ்அப் மெசேஜ், அதோடு பத்து நொடி வாய்ஸ் நோட் ஒன்று. குரல் கேட்டால் ஆள் உண்மை என்று தெரிந்துவிடும்.

இந்தியாமார்ட் மாதிரித் தளத்தில் தேவையைப் பதிவு செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரே நேரத்தில் பல விற்பனையாளர்களுக்குப் போகும். போன் ஓயாது. ஆனால் வருகிற அழைப்புகளில் நமக்கு ஏற்ற அளவில் விற்பவர் குறைவு. அங்கே பெயரும் ஊரும் பார்த்து, நீங்களே நேரடியாகக் கூப்பிடுவது மேல்.

படி 5: நீங்கள் யார் என்று காட்டுங்கள்

வாட்ஸ்அப்பில் பூப்படம் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். கம்பெனி பெயர், லோகோ, ஊர். லோகோ இல்லாவிட்டால் உங்கள் முகமே போதும்.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனாலும் விருப்பத்தின் பேரில் எடுக்கலாம். தொடர்ந்து ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தொந்தரவு உண்டு, ஆடிட்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். நம்பர் இருந்தால் துணிக்காரர் உங்களை வியாபாரியாகப் பார்க்கிறார் என்பது என் அனுபவம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே செய்துவிடலாம். அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் அரசுத் தளம் அல்ல.

படி 6: போன்

மெசேஜ் அனுப்பி ஒரு நாள் பொறுங்கள். பிறகு கூப்பிடுங்கள். எப்போது என்பது முக்கியம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், அன்று சாயங்காலம் முதலாளியைப் பிடிக்காதீர்கள். ஞாயிறு விடுமுறை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் யாருக்கும் காது கேட்காது. தீபாவளி முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பும் வரை பாதி ஊர் மூடியிருக்கும். எனக்குப் பலித்தது செவ்வாய், புதன், காலை பதினோரு மணிக்கு மேல்.

"வணக்கங்க அண்ணா, நேத்து 24ஸ் கருப்பு, நேவி கேட்டு மெசேஜ் போட்டிருந்தேன், மதுரைல இருந்து."

"மெசேஜ் பாக்கலீங்களே. எத்தனை கிலோங்க?"

"மூணு கலர் சேத்து எழுவத்தஞ்சு கிலோங்க. ரெடி ஸ்டாக் போதும்."

"கருப்பு இருக்குதுங்க. நேவி புதன்கிழமை வருது. வெள்ளை எவ்வளவு வேணாலும் எடுத்துக்கோங்க."

இவ்வளவுதான் உரையாடல். போனிலேயே பேரம் பேசாதீர்கள். ‘போட்டோவோட ரேட்டை வாட்ஸ்அப்ல போட்டுடுங்க அண்ணா’ என்று சொல்லி வையுங்கள். எழுத்தில் வந்தால் பின்னால் குழப்பமில்லை.

எடுக்கவில்லையா? இரண்டு நாள் கழித்து ஒருமுறை. அப்போது ‘பார்த்தீர்களா சார்?’ என்று மட்டும் அனுப்பாமல் ஒரு விவரத்தைக் குறைத்து அனுப்புங்கள்: ‘வெள்ளை வேறிடத்தில் கிடைத்துவிட்டது, கருப்பும் நேவியும் மட்டும் போதும்.’ அது உண்மையாக இருக்க வேண்டும். அதற்கும் பதிலில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். ஐந்து பேரிடம் கேட்டு இரண்டு பேர் பதில் போட்டால் நல்ல நாள்.

வாய்ப்பிருந்தால் ஒருமுறை நேரில் போங்கள். மதுரையிலிருந்து ஒரு நாள் பஸ் பயணத்தில் நான் தெரிந்துகொண்டது மூன்று வார மெசேஜில் தெரியவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டை, பனியன், டிஷர்ட் மொத்தமாக விற்கும் கடைகள் நெருக்கியடித்திருக்கும். அங்கே நாலு பேரிடம் துணி எங்கே எடுக்கிறார்கள் என்று விசாரித்தாலே நம்பர் கையில் வந்துவிடும். ‘இன்னார் சொல்லி அனுப்பினார்’ என்ற ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு எந்த லோகோவுக்கும் இல்லை. சொல்லும் முன் அந்த இன்னாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: பதில் வந்த பிறகு

ரேட் வந்ததும் கேட்க வேண்டியவை: ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா? லாரி வாடகை யாருடையது? இந்த ரேட் எந்தத் தேதி வரை? நூல் விலை மாறினால் துணி விலையும் மாறும், அதனால் மாதக் கடைசியில் வாங்கிய ரேட்டை அடுத்த மாதம் நீட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியே ரேட் கேளுங்கள். அடர்ந்த கலருக்குச் சாயச் செலவு கூட, கருப்பும் வெள்ளையும் ஒரே விலையில் வராது. ரிப்பும் உடல் துணியும் ஒரே ஷேடா என்று பகல் வெளிச்சத்தில் ஒட்டுத் துணி வைத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. என் முதல் 60 நேவி டிஷர்ட்டுகளின் கழுத்து மட்டும் கொஞ்சம் ஊதாவாக இருந்தது. ‘டிசைன்’ என்று சொல்லி விற்றேன்.

கேட்ட நிமிடமே, எல்லாரையும்விடக் குறைந்த ரேட்டில், ‘இன்றே பாதி அட்வான்ஸ் போட்டால்தான் இந்த விலை’ என்று பதில் வந்தால் நில்லுங்கள். ஜிஎஸ்டி நம்பரை வாங்கி அரசுத் தளத்தில் தேடுங்கள், பதிவான பெயர், முகவரி, தேதி தெரியும். தமிழ்நாட்டு நம்பர் 33 என்று தொடங்கும். பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு அதே கம்பெனி பெயரில் இருக்க வேண்டும், தனி ஆளின் கணக்கில் அல்ல.

வாங்கவில்லை என்றாலும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: ‘இந்தமுறை வேறிடத்தில் எடுத்துவிட்டோம் அண்ணா, ரேட் சொன்னதற்கு நன்றி.’ விலை கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம், அதனால் இதை எதிர்பார்க்கவே மாட்டார்கள். நான் அப்படி அனுப்பிய ஒருவரிடமிருந்து ஒன்றரை மாதம் கழித்து ஒரு மெசேஜ். ‘அம்மிணி, கருப்பு 22 கிலோ கடைசி ரோல் நிக்குதுங்க. 24ஸ்தான். வேணுமுங்களா?’