வாசனைக் கட்டையும் ஒரு குட்டிப் பீங்கான் தட்டும்: ஜப்பானில் ஊதுபத்தியைப் பரிசாகக் கொடுப்பது எப்படி?

கோபேக்குக் குடிவந்த முதல் வருடம். எந்தக் குப்பையை எந்தக் கிழமை போட வேண்டும் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மாள்தான். ஏதாவது கொடுத்து நன்றி சொல்லலாம் என்று கடைக்குப் போனேன். அழகான மரப்பெட்டியில் நீள நீளமாக ஊதுபத்தி. வாங்கி, சாம்பல் நிறத் தாளில் சுற்றி நீட்டினேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்கள் வீட்டில் எல்லாரும் உயிரோடுதானே இருக்கிறோம்?" என்றார்.

நான் வாங்கியது துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டி.

அதற்குப் பிறகு இதே பரிசைப் பலருக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் பதறவில்லை. வித்தியாசம் எங்கே என்றால், ஊதுபத்தியோடு கையால் செய்த ஒரு சின்னப் பீங்கான் தட்டையும் சேர்த்து வைக்கிறேன். தட்டு கூட இருந்தால், இது பூஜை மாடத்துக்கு அல்ல, உங்கள் மேசைக்கு என்பது சொல்லாமலே புரிந்துவிடும். முதன்முறை செய்பவர்களுக்காக, வாங்குவதில் தொடங்கி வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: செங்கோவா, ஒகோவா?

கடையில் இரண்டு பகுதி இருக்கும். செங்கோ என்பது பெரும்பாலும் புத்த பூஜை மாடத்தில், இறந்தவர்களுக்காக ஏற்றும் பத்தி. ஒகோ என்பது பொதுப்பெயர். வீட்டில் வாசனைக்காக ஏற்றுவதும் அதில் அடங்கும். (நம் 'ஓகோ'வை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது.) இரண்டும் ஒரே மரப்பொடியில் ஒரே பட்டறையில் உருவாகியிருக்கலாம். வித்தியாசம் பெட்டியிலும் சுற்றும் தாளிலும் எழுதும் எழுத்திலும்தான் இருக்கிறது. ஆகவே கடைக்காரரிடம் முதலிலேயே "வீட்டில் ஏற்றி ரசிக்க, நன்றிப் பரிசு" என்று சொல்லிவிடுங்கள். கனத்த மரப்பெட்டி, ஊதா அல்லது சாம்பல் நிறத் தாள் இரண்டையும் தவிர்த்துவிட்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும்.

படி 2: மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜப்பானில் கோபோகு, அதாவது வாசனைக் கட்டை, என்றால் முக்கியமாக இரண்டு மரங்கள். இரண்டுமே நமக்குப் பழக்கமானவை. ப்யாகுதான் என்பது சந்தனம். ஜின்கோ என்பது அகில். சங்கப் பாட்டுகளில் பெண்கள் கூந்தலுக்குப் புகை ஊட்டினார்களே, அதே அகில். ஜின்கோ என்ற சொல்லுக்கு 'மூழ்கும் மணம்' என்று பொருள். மரத்துக்குக் காயம்பட்டுப் பூஞ்சை பிடிக்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ள ஒருவகைப் பிசினைச் சுரக்கும். வருடக்கணக்கில் பிசின் ஊறிய பகுதி கனத்துப்போய் தண்ணீரில் மூழ்கும். நோய் கண்ட மரத்துக்குத்தான் மணம். நல்ல ஆரோக்கியமான மரம் வெறும் விறகு. ஜின்கோவிலேயே உச்ச ரகத்துக்கு க்யாரா என்று பெயர். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம்.

நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூலில் ஒரு குறிப்பு உண்டு. 595-இல் அவாஜி தீவில் ஒரு பெரிய கட்டை கரை ஒதுங்கியது. தீவுக்காரர்கள் விறகென்று அடுப்பில் வைத்தார்கள். புகை வெகுதூரம் மணந்தது. இது ஏதோ அதிசயம் என்று எடுத்துப்போய் அரசவையில் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் பேரரசி சுய்கோ. ஜப்பானிய வாசனைக் கட்டையின் முதல் கதையே பரிசுக் கதைதான். இன்று நாட்டின் ஊதுபத்தியில் பெரும்பங்கு தயாராவதும் அதே அவாஜியில்தான். எங்கள் ஊரிலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும்.

சரி, எதை வாங்குவது? கடையில் மூன்று வடிவம் கிடைக்கும்.

பத்தி: நம் ஊதுபத்தியைப் போல நடுவில் மூங்கில் குச்சி இருக்காது. முழுக்க மரப்பொடிதான், தாபு மரப்பட்டைப் பொடியைச் சேர்த்துப் பிசைந்து நூலாகப் பிழிந்து உலர்த்துகிறார்கள். பொடியைப் பிடித்து ஒட்டவைக்க நம் பக்கம் ஜிகட் என்ற மரப்பட்டைப் பொடி செய்யும் வேலையை அங்கே தாபு செய்கிறது. மூங்கில் எரியும் வாடை கிடையாது, புகையும் குறைவு. சுமார் 14 சென்டிமீட்டர்ப் பத்தி கிட்டத்தட்ட அரைமணி நேரம் எரியும். பாதியாக ஒடித்து ஏற்றலாம், தப்பில்லை.

சில்லு: சீவிய மரத்துண்டு. இதைக் கொளுத்தக் கூடாது. சாம்பலுக்குள் தணலைப் புதைத்து, மேலே மெல்லிய சூட்டில் வைக்க வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். தணலில் சாம்பிராணி தூவிப் பழகிய கைக்கு இது பெரிய சோதனை. புகையே வராமல் மணம் மட்டும் வந்தால்தான் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இதற்கு ஆழமான கிண்ணம், சாம்பல், சிறு கரி எல்லாம் வேண்டும். முதல் பரிசுக்கு இது வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, என் கட்சி: நெருப்பே ஏற்ற விரும்பாதவர்களுக்குச் சந்தனச் சில்லு. சந்தனம் அறைச் சூட்டிலேயே மணக்கும்; அகிலுக்குச் சூடு காட்டினால்தான் வாய் திறக்கும். வாடகை வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பயப்படுகிற நண்பருக்குச் சந்தனச் சில்லைத் தட்டில் பரப்பிக் கொடுங்கள், போதும். மைசூர்ப் பக்கத்துச் சந்தனத்துக்கு இங்கே ரோஸான் என்று தனிப்பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கடைப் பலகையில் பார்க்கும்போது ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

நாராவில் ஷோசோயின் களஞ்சியத்தில் ரன்ஜாதாய் என்ற அகில் கட்டை ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் ஒன்றரை மீட்டர், எடை 11.6 கிலோ. 1574-இல் ஓடா நொபுனாகா என்ற போர்த்தலைவர் அதிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்ததை இன்றும் பெரிய செய்தியாகச் சொல்வார்கள். நாம் வாங்கப்போவது சில கிராம்தான், கவலை வேண்டாம்.

படி 3: தட்டைத் தேடுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பீங்கான்தான் ஏன்? பத்தி எரியும்போது பழுப்பான எண்ணெய்க் கறை இறங்கும். மண் பாத்திரத்தின் மேல்பூச்சில் மயிரிழை விரிசல்கள் இருந்தால் அந்தக் கறை உள்ளே இறங்கி, பிறகு போகவே போகாது. பீங்கான் சுமார் 1,300 டிகிரியில் சுட்டுக் கண்ணாடி போல இறுகியது. கறை மேலேயே தங்கும், துடைத்தால் போய்விடும்.

மாமெசாரா என்று கேளுங்கள். 'மாமெ' என்றால் பயறு. பயறு போலக் குட்டித் தட்டு என்று பொருள். ஊறுகாய், உப்பு வைக்கும் தட்டுதான், விட்டம் பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கும். பாதிப் பத்தியை நிமிர்த்தி நிறுத்த இது சரியான அளவு. முழுப் பத்தியைச் சாய்த்து நிறுத்துவதானால் தட்டும் அந்த நீளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் மேசையில்தான் விழும்.

எங்கே போவது? கியூஷுவில் சாகா மாகாணத்து அரிதாதான் ஜப்பானியப் பீங்கானின் பிறந்த வீடு. கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ரி சம்பெய் என்ற குயவர் இசுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டெடுத்தார், 1616-இல் பீங்கான் தொழில் தொடங்கியது என்பது ஊர் சொல்லும் வரலாறு. பக்கத்தில் ஹசாமி. வடக்கே இஷிகாவாவில் குதானி. கண்ணைப் பறிக்கும் நிறம். ஷிகோகுவில் தோபே, கனமான வெள்ளையில் நீலம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அரிதாவில் பீங்கான் சந்தை நடக்கும். சின்னக் குறையுள்ள உருப்படிகளைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். உங்களுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், பரிசுக்குக் குறை வேண்டாம்.

கையால் செய்ததா என்று பார்க்க, தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் இருக்கும் வளையத்துக்குக் கோதாய் என்று பெயர். பூச்சு இல்லாத அந்த விளிம்பை விரலால் தடவினால், இழைத்துச் சீவிய கை தெரியும். பிறகு நீலக் கோட்டைப் பாருங்கள். தூரிகையால் போட்ட கோடு தொடங்கும் இடத்தில் தடித்து, முடியும் இடத்தில் மெலியும். நிறம் ஓரிடத்தில் குளமாகத் தேங்கியிருக்கும். ஒரே தடிமனில் ஓடி, சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு ஒட்டியது. இரண்டு தட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது: கை வேலையில் இரட்டைப் பிள்ளைகள்கூட ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். விளிம்பில் தங்கப் பூச்சு உள்ளதை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். கறையைத் தேய்க்கும்போது தங்கமும் கூடவே போகும்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். ஒன்று, ஜோடியாக இரண்டு, அல்லது ஐந்து கொடுக்கலாம். நான்கும் ஒன்பதும் கூடாது. நான்கின் ஒலி சாவையும் ஒன்பதின் ஒலி துன்பத்தையும் நினைவூட்டும்.

படி 4: கொடுக்கும் முன் ஏற்றிப் பாருங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி. பத்தியை வெறும் பீங்கான்மேல் படுக்கவைத்து ஏற்றினால் கொஞ்சம் எரிந்து அணைந்துவிடும். தட்டு சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. காற்றும் கீழே போவதில்லை. ஆகவே பத்தியை நிறுத்த ஒரு சின்னத் துளைத் தாங்கியும் வாங்க வேண்டும். பட்டன் அளவில் உலோகத்திலோ பீங்கானிலோ கிடைக்கும். துளையும் பத்தியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஜப்பானியப் பத்தி மெல்லியது, பட்டென்று ஒடியும். இறுக்கமான துளையில் திணித்தால் முடிந்தது கதை.

தாங்கிக்குப் பதில் குழிவான தட்டில் வெண்சாம்பல் நிரப்பியும் கொடுக்கலாம். சாம்பல்மேல் படுக்கவைத்த பத்தி கடைசி நுனிவரை எரியும், அடிக்கட்டை மிஞ்சாது. ஆனால் எரியும் கரியை மட்டும் நேராகத் தட்டில் வைக்காதீர்கள். ஓரிடத்தில் மட்டும் திடீரென்று சூடேறினால் பீங்கான் விரியும்.

ஏற்றும்போது தீயை வாயால் ஊதி அணைக்காமல் கையால் விசிறுவது இங்குள்ள வழக்கம். நம் வீட்டிலும் அப்படித்தானே சொல்லி வளர்த்தார்கள்.

படி 5: கட்டுங்கள்

தட்டை மெல்லிய மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். நல்ல பீங்கானை மஞ்சள் துணியில் சுற்றி வைப்பது ஜப்பானியரின் பழைய வழக்கம். பூச்சி அண்டாமல் இருக்க நம் மஞ்சள் கிழங்கிலேயே சாயம் தோய்த்த துணி. முதல்முறை பார்த்தபோது கடையிலேயே சிரித்துவிட்டேன். பத்தியைத் தட்டோடு உரசாமல் தனி உறையில் போட்டு மேலே வையுங்கள். முதல் பார்வைக்குத் தட்டு தெரிவது முக்கியம் என்பதால், பத்தியின் உறை சின்னதாக இருக்கட்டும்.

மேலே நோஷித் தாள் (பரிசின்மேல் சுற்றும் எழுத்துத் தாள்), மிசுஹிகிக் கயிறு (அதன்மேல் கட்டும் அலங்காரக் கயிறு). நன்றி, பிறந்தநாள் போலத் திரும்பத் திரும்ப வரலாம் என்று விரும்பும் விசேஷங்களுக்குச் சிவப்பு-வெள்ளைக் கயிறு, இழுத்தால் அவிழும் பட்டாம்பூச்சி முடிச்சு. கல்யாணம் ஒருமுறைதான் நடக்க வேண்டும் என்பதால் அதற்கு அவிழாத முடிச்சு. கறுப்பு-வெள்ளைக் கயிறு துக்கத்துக்கு உரியது. எழுத்து எழுதத் தெரியாவிட்டால், 'ஒன்ரெய்', அதாவது நன்றி, என்று கடையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 6: கொடுங்கள்

பையோடு நீட்டாதீர்கள். பையிலிருந்தோ ஃபுரோஷிகி என்ற சுற்றுத் துணியிலிருந்தோ எடுத்து, எழுத்து அவர்களுக்கு நேராகத் தெரியும்படி திருப்பி, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். துணியை மடித்து நீங்களே வைத்துக்கொள்ளலாம். அவர்கள் உங்கள் முன்னால் பிரிக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம், அது மரியாதை. அதனாலேயே ஒரு சின்னக் காகிதத்தில் எது எதற்கு என்று மூன்று வரி எழுதி உள்ளே வைத்துவிடுகிறேன்.

ஊருக்கு அனுப்புவதானால்

அகில் மரங்கள் எல்லாமே 2005 முதல் சைட்டிஸ் என்ற, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. விற்பனைக்குத் தயாராகப் பொதிந்த ஊதுபத்திக்கு அதில் விலக்கு உண்டு. மரச் சில்லுக்கும் மணிமாலைக்கும் அந்த விலக்கு இல்லை. எனவே எல்லை தாண்டும் பரிசென்றால் பத்தியே உத்தமம். சில்லுதான் அனுப்ப வேண்டும் என்றால் கடையிலும் சுங்கத்திலும் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

கழுவுவது

அந்த மூன்று வரிக் காகிதத்தில் நான் கட்டாயம் எழுதுவது இதுதான்: தட்டு முழுக்க ஆறிய பிறகு சாம்பலைத் தட்டிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டு மென்மையான பஞ்சால் கழுவவும். விடாத கறைக்குக் கொஞ்சம் சமையல் சோடா. ஒருமுறை பத்திக்கு வைத்த தட்டைச் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இரண்டாவது தடவை சரியாகக் கட்டிக் கொடுத்தேன். போன வாரம் தேநீருக்குக் கூப்பிட்டார். நான் கொடுத்த தட்டில் உமெபோஷி, அதாவது உப்பில் ஊறவைத்த புளிப்புப் பழம், இரண்டு உட்கார்ந்திருந்தது. பத்தி எங்கே என்றேன். குளிர்பதனப் பெட்டிமேல், ஜாம் மூடியில் எரிந்துகொண்டிருந்தது.