கண் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் காசு வருமா? முதல்தடவை போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

நம்ம டெல்டா பக்கம் அறுப்பு முடிஞ்சு நெல்லு போட்ட காசு கைக்கு வந்ததும்தான் பல வீட்டுல பெரியவங்க கண்ணப் பத்தி பேச்சே ஆரம்பிக்குது. கார்டுதான் இருக்கே, காசுக்கு என்ன கவலைன்னு கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ கெளம்பி போயிடறாங்க, அங்க கவுன்டர்ல நிக்கறப்பதான் "இது கவர் ஆகாதுங்க"ன்னு பதில் வருது. கெளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுல உக்காந்து பாத்துக்க வேண்டிய விஷயத்த வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: கண்ணுல இருக்கறது பவரா, நோயா, அடியா?

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். கண்ணுங்கறதால இன்சூரன்ஸ் காசு தராது, கண்ணுக்கு என்ன ஆச்சுங்கறத வச்சுதான் தரும். பவர் செக் பண்றது, கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், டாக்டர் ஃபீஸ், மாசாமாசம் வாங்கற சொட்டு மருந்து இதுக்கெல்லாம் சாதாரண மெடிக்கல் பாலிசில காசு கெடையாது, ஆஸ்பத்திரில சேராம பாக்கற செலவுக்கான ஓபிடி கவர்னு தனியா சேத்து வாங்கியிருந்தா மட்டும் கொஞ்சம் வரும். கண்ணாடிய கழட்டறதுக்கு பண்ற லேசர் ஆபரேஷனும் அப்படித்தான், பவர் 7.5க்கு கீழ இருந்தா எந்த கம்பெனியும் தராது, அது எல்லா பாலிசிலயும் ஒரே மாதிரி போட்டிருக்கற விதிவிலக்கு.

கண்புரை, கண்ணுல பிரஷர், சுகர்னால விழித்திரை கெட்டுப்போறது இதெல்லாம் நோய். இதுல ஆஸ்பத்திரில சேத்து செய்ற வேலைக்கும் ஆபரேஷனுக்கும் காசு வரும். கண்புரை ஆபரேஷன் பண்ணிட்டு அன்னிக்கு சாயந்திரமே வீட்டுக்கு வந்துடலாம், 24 மணி நேரம் பெட்ல படுக்கலயேன்னு பயப்பட வேணாம், அதுக்கு டே கேர்னு பேரு, அதுக்கும் கவர் உண்டு. ஆனா கண் பிரஷருக்கு ஆயுசுக்கும் விடற சொட்டு மருந்து நம்ம கைக்காசுதான், இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா அந்த மருந்த காசுக்காக நிறுத்தினா போன பார்வை திரும்ப வராது.

அமெரிக்காவுல இருக்கற நம்ம பசங்க போன்ல "விஷன் பிளான் தனி, மெடிக்கல் தனி"ன்னு சொல்வாங்க. அங்க கண்ணாடிக்கும் பவர் செக்குக்கும் ஒரு பிளான், நோய்க்கு இன்னொண்ணு. இங்க கண்ணாடிக்குன்னு தனி பிளான் வாங்கற பழக்கம் இல்லாததால எல்லாம் ஒரே கார்டுல வந்துடும்னு நெனச்சுக்கறோம்.

அடிபட்டது மூணாவது வகை, வயல் வேலை செய்றவங்க இத நல்லா படிங்க. அறுக்கறப்ப நெல்லுத் தோகை கண்ண கீறிடும், தூத்தறப்ப பதரோ சுணையோ உள்ள போயிடும், நாமளும் தண்ணிய அடிச்சு கழுவிட்டு மறுநாளும் வேலைக்கு போயிடுவோம். நாலஞ்சு நாள் கழிச்சு கருவிழில வெள்ளையா புள்ளி தெரியும், வெளிச்சம் பாக்க முடியாது, தண்ணியா கொட்டும். அது கருவிழில புண்ணு, செடிகொடி பட்டு வர்றதுல பூஞ்சைக் கிருமி இருக்கறது ரொம்ப சகஜம். தாய்ப்பால் விடறது, பச்சிலைச் சாறு விடறது, மெடிக்கல்ல கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விடறது, இது எதுவும் வேணாம், ஸ்டீராய்டு கலந்த மருந்தா இருந்தா பூஞ்சைப் புண்ணு இன்னும் மோசமாயிடும். அன்னிக்கே கண் டாக்டர்ட்ட போங்க, போனதும் எப்படி அடிபட்டுச்சுன்னு தேதியோட சொல்லி சீட்டுல எழுதச் சொல்லுங்க. புதுசா எடுத்த பாலிசில முதல் 30 நாள் எந்த நோய்க்கும் காசு வராது, ஆனா விபத்துக்கு அந்த காத்திருப்பு கெடையாது. சீட்டுல "கண் சிவப்பு"ன்னு மட்டும் இருந்தா அத விபத்துன்னு நாம எப்படி காட்டறது, சொல்லுங்க.

ஸ்டெப் 2: உங்க கையில இருக்கறது எந்த கார்டு?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்னா வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். இன்னும் எடுக்கலன்னா விஏஓட்ட வருமானச் சான்று வாங்கிக்கிட்டு ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டுத் திட்ட கவுன்டருக்கு போங்க. இந்த திட்டத்துல எந்தெந்த சிகிச்சை, எந்தெந்த ஆஸ்பத்திரின்னு லிஸ்ட் உண்டு, அந்த லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரிலதான் செய்யணும், அதனால உங்களுக்கு எழுதிக் கொடுத்த ஆபரேஷன் பேரச் சொல்லி 1800 425 3993க்கு போன் போட்டு கேட்டுட்டு போங்க, காசு இல்லாத போன்தான்.

ரிட்டயர்டான வாத்தியார், விஏஓ, அரசு ஊழியர் வீடுன்னா அவங்களுக்கு தனி திட்டம், அதுல கண்புரைக்கு மட்டும் வரம்பு வச்சிருப்பாங்க, 2021ல வந்த திட்டத்துல ஒரு கண்ணுக்கு 30,000ன்னு போட்டிருந்தாங்க.

எந்த கார்டும் இல்லன்னாலும் கண்புரைக்கு பயமே வேணாங்க. அரசு ஆஸ்பத்திரில ஆபரேஷனும் உள்ள வைக்கற லென்ஸும் இலவசம், தஞ்சாவூர்ல ராசா மிராசுதார் ஆஸ்பத்திரில கண் பிரிவு இருக்கு. ஊர்ல நடக்கற கண் முகாம்ல பாத்து எழுதிட்டா கூட்டிட்டு போய் ஆபரேஷன் பண்ணி கொண்டுவந்து விட்டுடுவாங்க. 1976லேருந்து நம்ம நாட்டுல பார்வை இழப்பு தடுப்புத் திட்டம் நடக்குது, இலவசம்னு யாரும் கொறைவா நெனைக்க வேணாம். பிரைவேட்ல காசு கட்டித்தான் ஆகணும்னு நகைய அடகு வைக்கறதுக்கு முன்னாடி இத ஒருதடவ யோசிங்க.

ஸ்டெப் 3: பிரைவேட் பாலிசின்னா பேப்பர எடுத்து மூணு இடத்த பாருங்க

ஒண்ணு காத்திருப்பு காலம், அதாவது பாலிசி எடுத்து எவ்வளவு நாள் கழிச்சுதான் அந்த நோய்க்கு காசு வரும்ங்கறது. கண்புரைக்கு பெரும்பாலும் 2 வருஷம், அதிகபட்சம் 3 வருஷம். டாக்டர் புரைன்னு சொன்னப்புறம் ஓடிப்போய் பாலிசி எடுத்தா அதுக்கு உடனே வராது. நடுவுல கட்டாம விட்டா திரும்ப முதல்லேருந்து எண்ண ஆரம்பிச்சுடுவாங்க, அதனால வேற எத தள்ளிப்போட்டாலும் பிரீமியத்த தள்ளாதீங்க. கம்பெனி மாத்தணும்னா போர்ட் பண்ணுங்க, அதாவது புதுசா ஒண்ணு எடுக்காம இருக்கற பாலிசியவே அந்த கம்பெனிக்கு மாத்திக்கோங்க, காத்திருந்த வருஷம் கணக்குல வந்துடும்.

ரெண்டாவது கண்புரைக்குன்னு போட்டிருக்கற தனி வரம்பு, மூணாவது நம்ம பங்கா கட்டற கோ-பே. ஆரோக்கிய சஞ்சீவனிய எடுத்துக்கோங்க, எல்லா கம்பெனிலயும் ஒரே மாதிரி இருக்கற பாலிசி அது. அதுல ஒரு கண்ணுக்கு பாலிசி எடுத்த மொத்த தொகைல 25 சதவீதம் இல்லன்னா 40,000, எது கொறைவோ அது. 3 லட்சத்துக்கு பாலிசி, பில்லு 52,000னு வச்சுக்கோங்க. 25 சதவீதம் 75,000 வந்தாலும் 40,000தான் கணக்கு, அதுலயும் 5 சதவீதம் கோ-பே 2,000 போயிடும். 38,000 வரும், 14,000 நாம கட்டணும். அதே பில்லுக்கு 1 லட்ச ரூபா பாலிசின்னா 25,000ல 1,250 கழிச்சு 23,750தான். கண்ணுக்குள்ள போடற ஊசிக்கும் இந்த மாதிரி தனி வரம்பு உண்டு, சுகர் இருக்கறவங்க அதையும் பாத்துக்கோங்க.

ஸ்டெப் 4: ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல என்ன கேக்கணும்

லென்ஸ் எந்த வகை, என்ன வெலைன்னு கேளுங்க. தூரம் மட்டும் தெரியற சாதா லென்ஸும் உண்டு, கிட்டப்பார்வையும் சேத்து தர்ற வெல கூடின லென்ஸும் உண்டு. கூடுதல் வெலைக்கு நெறைய பாலிசி காசு தராது. சாதா லென்ஸ் வச்சு படிக்கறதுக்கு மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டா போதும்னுதான் நான் எங்க அத்தைக்கும் சொன்னேன், அவங்க இப்ப நல்லா பூ கட்டறாங்க. "அப்ரூவல் எவ்வளவு வரும், நாங்க கட்ட வேண்டியது எவ்வளவு"ன்னு எழுதி வாங்கிடுங்க. ஆரோக்கிய சஞ்சீவனில நாள் குறிச்ச ஆபரேஷனுக்கு 48 மணி நேரம் முன்னாடியே தகவல் சொல்லணும். 2024ல வந்த விதிப்படி கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்கு காசு கட்டறது கேட்டா, கம்பெனி 1 மணி நேரத்துல பதில் சொல்லணும், டிஸ்சார்ஜ் அப்ரூவலுக்கு 3 மணி நேரம்.

ஸ்டெப் 5: பேப்பர் ஒண்ணும் தொலைக்காதீங்க

கண்புரைல முக்கியமான பேப்பர் லென்ஸ் ஸ்டிக்கர். லென்ஸ் டப்பாலேருந்து உரிச்சு டிஸ்சார்ஜ் சம்மரிலயோ கேஸ் ஷீட்லயோ ஒட்டியிருப்பாங்க, நம்ம கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், லென்ஸோட பேரு, பவர், சீரியல் நம்பர் பொடி எழுத்துல இருக்கும். அதுல இருக்கற நம்பரும் லென்ஸ் பில்லுல இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கணும், ஆஸ்பத்திரிலயே நின்னு பாத்துட்டு வாங்க. எந்தக் கண்ணு, வலதா இடதான்னு எல்லா பேப்பர்லயும் ஒரே மாதிரி இருக்கான்னும் பாருங்க.

நெறைய பேர் விட்டுடற காசு ஒண்ணு இருக்கு. ஆரோக்கிய சஞ்சீவனில ஆபரேஷனுக்கு முன்னாடி 30 நாள், பின்னாடி 60 நாள் அதே கண்ணுக்காக ஆன செலவையும் கேக்கலாம், மத்த பாலிசிலயும் இது மாதிரி ஒரு கணக்கு இருக்கும். லென்ஸ் பவர் அளந்த ஸ்கேன், ரத்த டெஸ்ட், ஆபரேஷனுக்கு அப்புறம் விட்ட சொட்டு மருந்து, எல்லா பில்லையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. ஆனா அந்த 40,000 மாதிரி வரம்பு இருந்தா இதெல்லாம் அதுக்குள்ளயே அடங்கிடுமான்னு கேட்டுக்கோங்க. கண்ணு பாப்பா விரிய மருந்து போட்டு பாக்கற அன்னிக்கு பெரியவங்கள தனியா பஸ் ஏத்தி விடாதீங்க, வண்டியும் ஓட்டக் கூடாது, சில மணி நேரம் கிட்ட இருக்கறது தெளிவா தெரியாது, பேப்பர்ல கையெழுத்து வாங்கறதா இருந்தா மருந்து போடறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

ஸ்டெப் 6: இல்லன்னு சொல்லிட்டா

வாயால சொன்னத ஏத்துக்காதீங்க, எந்த விதில இல்லன்னு எழுத்துல கேளுங்க. முதல்ல கம்பெனியோட புகார் பிரிவுக்கு எழுதுங்க, இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐக்கு 155255ல போன் பண்ணலாம், அவங்களோட பீமா பரோசாங்கற புகார் தளத்துலயும் பதியலாம். கம்பெனி 30 நாளா பதில் சொல்லலன்னா, இல்ல சொன்ன பதில் சரியில்லன்னா, ஒரு வருஷத்துக்குள்ள சென்னைல இருக்கற, இந்த மாதிரி புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்ற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனுக்கு போகலாம். ஃபீஸ் கெடையாது, வக்கீலும் வேணாம், பாலிசி காப்பி, நிராகரிச்ச லெட்டர், டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்க கம்பெனிக்கு எழுதின லெட்டர் இந்த நாலையும் சேத்து அனுப்புங்க.