முதலில் $ குறி தெரிகிறதா என்று பாருங்கள்

படகுகளில் மின்னணுக் கருவிகளை மாட்டிக்கொடுப்பது என் வேலை. எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "ஜிபிஎஸ் நன்றாக ஓடுது, அதன் திரையில் இடம் காட்டுது, கணினிக்கு மட்டும் ஒன்றுமே வரலை." நான் போய்ச் சேருவதற்குள் வரைபட மென்பொருளில் மாற்றக்கூடிய எல்லாவற்றையும் மாற்றி வைத்திருப்பார்கள். நான் செய்யும் முதல் வேலை அந்த மென்பொருளை மூடுவது.

புரியாத தரவு வந்தால் வரைபட மென்பொருள் பெரும்பாலும் வாயே திறக்காது. வயர் அறுந்திருந்தாலும் தரவு வரும் வேகத்தைத் (பாட் ரேட்) தவறாக வைத்திருந்தாலும் ஒரே வெற்றுத் திரைதான். புட்டி (PuTTY) போன்ற டெர்மினல் நிரல் வந்ததை வந்தபடியே திரையில் கொட்டிவிடும். அதனால் அதைத் திறங்கள். எந்த போர்ட் என்று தெரியாவிட்டால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, கருவியின் வயரைக் கணினியோடு சேர்க்கும் யுஎஸ்பி அடாப்டரைப் பிடுங்குங்கள். பட்டியலில் எது மறைகிறதோ அதுதான். அடாப்டரை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் போர்ட் எண்ணே மாறிவிடலாம். நான் துளைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி எண்ணை எழுதிவிடுவேன்.

படகுக் கருவிகள் தரவு பரிமாறும் விதிமுறையான என்எம்இஏ 0183இல் பேசும் கருவிகளுக்கு வழக்கமான வேகம் நொடிக்கு 4800 பிட். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் என்றால் 38400. டெர்மினலில் மற்ற அமைப்புகள்: 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம்.

இப்போது $ குறியில் தொடங்கும் வரிகள் ஓடினால் வயரிங்கில் குறையில்லை. ஜிபிஆர்எம்சி (GPRMC) என்று தொடங்கும் வரியில் நேரத்துக்கு அடுத்து ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் இடம் கிடைத்துவிட்டது. 'வி' என்றால் ஜிபிஎஸ் இன்னும் செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டிருக்கிறது, வானம் தெரிகிற இடத்தில் ஆன்டெனாவை வைத்துக் காத்திருங்கள். ஏஐஎஸ் வரிகள் $ குறிக்குப் பதில் ! குறியில் தொடங்கும், பயப்பட வேண்டாம்.

இங்கே என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. டெர்மினலில் எல்லாம் அழகாக ஓடியது, வரைபடத்தில் மட்டும் வரவில்லை. ஒரு மதியம் முழுக்க மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். டெர்மினலை மூடாமல் விட்டிருந்தேன்! விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் பிடித்து வைத்திருக்க முடியும்.

டெர்மினலிலும் ஒன்றுமே வரவில்லையா? பிரச்சினை கணினிப் பக்கமா, கருவிப் பக்கமா என்று பிரிக்க வேண்டும். கருவியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, அடாப்டரின் 9 பின் முனையில் 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் சின்னக் கம்பித் துண்டால் இணையுங்கள். விசைப்பலகையில் தட்டுங்கள். தட்டியது திரையில் வந்து, கம்பியை எடுத்ததும் நின்றுபோனால் அடாப்டரும் டிரைவரும் நல்ல நிலையில் இருக்கின்றன. அப்புறம் கருவியின் மெனுவுக்குப் போய்த் தரவு வெளியீடு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப் ஆகக் கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குப்பை எழுத்துகள் வந்தால் அது நல்ல செய்திதான், ஏதோ வருகிறது. முதலில் வேகத்தை மாற்றிப் பாருங்கள். எந்த வேகத்திலும் குப்பையே வந்தால் வயர்கள் இடம் மாறியிருக்கலாம். என்எம்இஏ 0183இன் 2.0 பதிப்பு முதலான கருவிகளில் 'ஏ', 'பி' என இரண்டு தரவு வயர்கள் இருக்கும். சிலர் பிளஸ், மைனஸ் என்று குறிப்பார்கள், சில கையேடுகளில் நிறம் மட்டும்தான். அச்சடித்ததை நம்புவதைவிட அளப்பது மேல். கருவி எதுவும் அனுப்பாத இடைவெளியில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 'ஏ'யிலும் கறுப்பை 'பி'யிலும் வையுங்கள். மைனஸ் வோல்ட் காட்ட வேண்டும். தரவு போகும்போது எண் துள்ளும். ஓய்வில் பிளஸ் காட்டினால் பெயர்கள் மாறிக்கிடக்கின்றன.

ஒரே தரவு வயரையும் கிரவுண்டையும் எதிர்பார்க்கும் சாதாரண ஆர்எஸ்-232 அடாப்டர் என்றால் 'ஏ' 2ஆம் பின்னுக்கு, கருவியின் சிக்னல் கிரவுண்ட் 5ஆம் பின்னுக்கு. 'பி'யை எதிலும் சேர்க்காமல் முனையில் டேப் சுற்றிவிடுங்கள். அதைக் கிரவுண்டோடு முறுக்கி வைப்பவர்கள் உண்டு. அது கருவியின் வெளியீட்டையே ஷார்ட் செய்வது. ஆர்எஸ்-422 அடாப்டர் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை, இரண்டு வயரும் நேராகப் போகும்.

ஜிபிஎஸ்ஸும் ஆழமானியும் ஒரே உள்ளீட்டுக்கு வேண்டும் என்று இரண்டின் வயர்களையும் சேர்த்து முறுக்காதீர்கள். ஒருவர் பேச, பலர் கேட்கலாம். இருவர் பேச முடியாது. பல கருவிகளின் வரிகளை வரிசைப்படுத்தி ஒரே வயரில் அனுப்பும் மல்டிபிளெக்ஸர் போடுங்கள். ஆனால் ஏஐஎஸ்ஸையும் அதில் சேர்த்தால் கணினிக்குப் போகும் வேகமும் 38400 ஆக இருக்க வேண்டும். 4800இல் நொடிக்கு 480 எழுத்துதான் போகும், வரிகள் பாதியில் அறுந்து விழும்.

ஒரு விசித்திரம்: மவுஸ் சுட்டி தானாக ஓடி, கண்டதைக் கிளிக் செய்கிறதா? வைரஸ் இல்லை. விண்டோஸ் துவங்கும்போதே தரவு வந்துகொண்டிருந்தால் அது ஜிபிஎஸ்ஸைச் சீரியல் மவுஸ் என்று எண்ணிக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொய் மவுஸை டிஸேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் செய்தால் திரும்ப வந்து நிற்கும்.

விட்டுவிட்டு வரும் கோளாறுதான் நேரம் தின்னும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். தரவு சுத்தமானால் கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் வயர் வழியாக வேண்டாத மின்னோட்டம் சுற்றுகிறது. ஆப்டோ ஐசொலேஷன் (மின் இணைப்பில்லாமல் ஒளியால் தரவைக் கடத்துவது) உள்ள அடாப்டர் வேண்டும். படகின் தொடர்பு வானொலியில் பேசும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் வரிகள் உடைந்தால், யுஎஸ்பி கேபிளை ஆன்டெனா கேபிளை விட்டு விலக்கிக் கட்டி, இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தை அதில் மாட்டி, மறுபடி பொத்தானை அழுத்திப் பாருங்கள்.